சம்சு பாய் பார்த்த மஞ்சள்

சம்சு பாயின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றவும் இன்சுலின் போடவும் 2006 கோடையில் என்னை அமர்த்தினார்கள். அவர் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் நிறம் பார்ப்பவர். மெஷினில் வரும் முதல் தாளை லென்ஸ் வைத்துப் பார்த்து, அவர் "ஓட்டு" என்றால்தான் மொத்த லோடும் அச்சில் ஓடும். முருகன், மாதா, மக்கா எல்லாரும் அவர் கண்ணைத் தாண்டித்தான் ஊர் ஊராகப் போனார்கள்.

சர்க்கரை கண்ணில் இறங்கியிருந்தது. மதுரையில் லேசர் வைத்தும் பெரிதாகப் பயனில்லை. முதலில் பூப்பந்து போயிற்று. சாயங்காலம் தவறாமல் ஆடியவர், பந்து மூக்கில் அடித்த அன்று மட்டையை பீரோ மேல் போட்டுவிட்டார். அடுத்தது குர்ஆன். மனப்பாடமான சூராக்களைத்தான் ஓதுவார். ஆனாலும் விரித்து வைத்து விரலை நகர்த்துவார். வாய் ஓரிடம், விரல் ஓரிடம். மனைவி பீவி ஜான் அதைப் பார்த்தால் அடுப்படிக்குள் போய்விடுவார்.

மிச்சம் இருந்தது வேலை மட்டும். அதை விட முடியாது என்று டாக்டரிடமே சொல்லிவிட்டார்.

ஆடிப்பதினெட்டுக்குப் புது காலண்டர் ஆல்பம் வெளியிட வேண்டும். ஆர்டரெல்லாம் அதைப் பார்த்துத்தான் வரும். புண்ணோடு பாய் அச்சகத்துக்குப் போக முடியாததால், முதலாளி செல்லப்பாண்டி தாளை வீட்டுக்கே அனுப்பினார். மேனேஜர் கோட்டைச்சாமி மை ஈரம் காயாமல் கொண்டுவந்து கட்டிலில் விரித்தார். லட்சுமி படம். பாய் அதை ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோட்டைச்சாமி தண்ணீர் குடிக்க உள்ளே போனதும் என்னிடம் மெல்லக் கேட்டார்.

"அக்கா, லட்சுமி முகம் எப்படி இருக்கு?"

"காமாலை கண்ட மாதிரி இருக்கு பாய். ரத்தம் எடுத்துப் பாக்கணும்."

சிரித்துவிட்டார். "உங்களுக்கு எதைப் பாத்தாலும் நோயாளிதான். அந்த மெஷின்ல மஞ்சள் எப்பவும் கம்மியாத்தான் விழும், கூடவே கூடாது."

கோட்டைச்சாமி திரும்பி வந்ததும் பாய் ஓட்டச் சொன்னார். கோட்டைச்சாமியும் தாளை ஒரு நிமிடம் பார்த்தார். ஆனால் பாய் சொன்னதற்கு மறுபேச்சுப் பேசிப் பழகாத மனிதர்.

லோடு முழுக்க மஞ்சளாக வந்து கழிவுக்குப் போயிற்று. யாரும் திட்டவில்லை. செல்லப்பாண்டி பிஸ்கட் வாங்கிக்கொண்டு வந்து, மெஷின் ரோலரில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போனார். பிஸ்கட்டை நான் எடுத்து வைத்துவிட்டேன். அந்தப் பேச்சை என்னால் எடுத்து வைக்க முடியவில்லை.

அடுத்த வாரம் கோட்டைச்சாமி இன்னொரு தாள் கொண்டுவந்தார். பாய் லென்ஸைத் தொடவில்லை. தாளின் ஓரத்தைப் பெருவிரலால் தேய்த்தார். மை ஒட்டவில்லை. முகர்ந்தார். காய்ந்து நாளாகிவிட்ட தாள். நாலு பக்கமும் வெட்டுக்கூட முடிந்திருந்தது. அந்த லோடு எப்போதோ ஓடிவிட்டது.

கோட்டைச்சாமி சுவரைப் பார்த்தபடி கேட்டார்: "என்ன பாய், ஓட்டலாமா?"

பாய் தாளை அவரிடமே திருப்பி நீட்டினார்.

"நல்லா வந்திருக்கு. ஓட்டச் சொல்லுங்க."

சீசன் முடியும்வரை காய்ந்த தாள்கள் வந்துகொண்டிருந்தன. பாய் ஒவ்வொன்றையும் ஓட்டச் சொன்னார். பீவி ஜான் கோட்டைச்சாமிக்கு டீ கொடுத்தார். நான் ஊசி போட்டேன்.