பல்லக்காவின் செம்பு வளையம்

பொய்ப்பல் செய்யும் கூடத்தில் அவரை எல்லோரும் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மெழுகில் ஈறு வார்த்து, பல்லை ஒவ்வொன்றாகப் பதித்து, தேய்த்து மெருகேற்றி அனுப்புவார். ஊரில் பாதிப்பேர் சிரிப்பது தன் தயவில்தான் என்று சொல்லி அவரே சிரிப்பார். வேலை முடிந்து மேல்மாடி வாடகை அறைக்குள் நுழைந்துவிட்டால் மறுநாள் காலை வரை பேச ஆளில்லை.

அடித்த கணவனை விட்டு இளம் வயதிலேயே வெளியேறியவர். அடித்தவன் இன்றும் அவர் பிறந்த குடும்பத்தின் விருந்துகளில் மாப்பிள்ளைதான். அடி வாங்கியவள்தான் ஆகாதவள். இந்த நியாயத்தைச் சொன்னவர்கள் எல்லோரும் பட்டம் வாங்கியவர்கள். அவளோடு பேசுகிறவர்கள் நமக்கு உறவில்லை என்றார் அப்பா. ஒரே தம்பியும் வாயை மூடிக்கொண்டான்.

அந்த வாய் பிறகு வானொலிக்குப் போயிற்று. கடல் கடந்த ஒரு நிலையத்தில் தம்பி தமிழ்ச் செய்தி வாசித்தான். சிற்றலையில் மட்டும் வரும் மாலை ஒலிபரப்பு அது. அவன் குரலைக் கேட்க அக்காவுக்கு வேறு வழி இல்லை. ஊருக்கெல்லாம் செய்தி சொல்கிறவன் அவருக்கும் சேர்த்துத்தானே சொல்லியாக வேண்டும்!

வெள்ளிக்கிழமையோடு ஓய்வு பெறுவதாகவும், கடைசிச் செய்திக்குப் பின் தன்னைப் பற்றிச் சிறிது பேசப்போவதாகவும் ஒரு மாலை அவன் சொன்னது, இரைச்சலுக்கு நடுவே அரைகுறையாகக் கேட்டது. அந்தப் பேச்சில் ‘அக்கா’ என்று ஒரு சொல் வந்தால் போதும். அது இரைச்சலில் மூழ்கிவிடக் கூடாது.

அதுவரை கேட்டுவந்த பழைய சின்னப் பெட்டியை ஒதுக்கிவிட்டு, கடையில் இருந்ததிலேயே பெரிய வானொலியை வாங்கினார். பால்கனியில் நீளமாக ஒரு கம்பியும் இழுத்துக் கட்டினார். திருகியதும் குளவிக்கூட்டைக் கலைத்தது போல இரைந்தது. தம்பியைக் காணோம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரேடியோ பழுதுபார்ப்பவரிடம் போனார்.

“அண்ணே, ரிப்பேர் செட்ட என் தலையில கட்டிட்டாங்க.”

அவர் அதைக் கடை வாசலில் வைத்துத் திருகினார். நிலையங்கள் வரிசையாகப் பேசின.

“செட்டு நல்லாத்தான் இருக்கு. உங்க வீடுதான் ரிப்பேர்.”

“அப்ப வீட்டையும் தூக்கிட்டு வரணுமா?”

“கம்பி எந்தப் பக்கமா போகுது?”

“லிஃப்ட் மோட்டார் ரூம் பக்கமா.”

“நல்ல இடம் பாத்தீங்க போங்க! காது கூர்மையான ஆளச் சந்தை நடுவுல உக்கார வச்சா சந்தைதாம்மா கேக்கும். மொதல்ல ஆன்டெனாவுக்கு எடம் பாருங்க. பழைய சின்ன செட்ட பேட்டரில போட்டு வீடெல்லாம் நடங்க. எங்க கத்துதோ, அங்க இருக்கான் திருடன்.”

நடந்தார். விளக்கு கத்தியது, செல்போன் சார்ஜர் கத்தியது. மெயின் சுவிட்சை அணைத்ததும் பாதி அடங்கியது. மீதியைத் தேடி மாடிப்படியில் இறங்கினார். குடியிருப்போர் சங்கச் செயலாளரின் வாசலில் நிறம் மாறி மாறி மின்னும் அலங்கார விளக்குச் சரத்தின் அருகே பெட்டி அலறியது.

“மொட்டை மாடி மூலையில ஒரு கம்பி கட்டிக்கறேன் சார்.”

“கம்பி கட்டுனா இடிய இழுக்கும்மா. அதுவும் நீங்க புருஷன விட்டுட்டு வந்தவங்க. எல்லாருக்கும் ஏதாவது ஆயிடும்.”

“இடிக்கு என் கல்யாண விஷயமெல்லாம் தெரியுமா சார்?”

“வாடகைக்கு இருக்கறவங்களுக்கு மாடி கிடையாது. அவ்வளவுதான்.”

“சரி, இந்த லைட்டையாவது சாயங்காலம் கொஞ்ச நேரம் அணைங்க.”

“அது வீட்டுக்கு அழகும்மா!”

அறியாமைக்குப் பதவி கிடைத்தால் அதற்கு விதிமுறை என்று பெயர் வந்துவிடுகிறது.

“அப்ப வீட்டுக்குள்ளயே வளையம் கட்டிடுங்க” என்றார் பழுதுபார்ப்பவர். பல்லக்கா செம்புக் குழாயை சைக்கிள் சக்கரம் அளவுக்கு வளைத்தார். செத்துப்போன ஒரு வானொலியிலிருந்து நிலையம் திருப்பும் கண்டென்சரைக் கழற்றி, பழுதுபார்ப்பவர் வளையத்தின் இரு முனைகளுக்கும் நடுவே பற்றவைத்துக் கொடுத்தார். வளையத்தின் முகத்தை இரைச்சல் வரும் பக்கம் காட்டினால், அந்தப் பக்கத்துக்கு மட்டும் அது செவிடாகிவிடுமாம்.

வெள்ளிக்கிழமை மாலை மெயினை அணைத்துவிட்டு, பெரிய வானொலியில் பேட்டரி போட்டு உட்கார்ந்தார். வளையத்தை மெல்லத் திருப்பினார். செயலாளரின் அழகு தேய்ந்து, தேய்ந்து, மறைந்தது. தம்பியின் குரல் பக்கத்து நாற்காலியில் இருப்பவன் பேசுவது போல வந்தது. ஒரு கமறல்கூடத் தப்பவில்லை. அவனுக்கும் வயதாகிவிட்டது.

செய்தி முடிந்தது. நிலையத்துக்கு நன்றி, பொறியாளர்களுக்கு நன்றி, மனைவி மக்களுக்கு நன்றி. பிறகு சொன்னான்: “வீட்டுக்கு ஒரே பிள்ளையாக வளர்ந்த எனக்கு, நேயர்களாகிய நீங்கள்தான் உடன்பிறப்புகள்.”

இசை வந்தது. ஒலிபரப்பு நின்றது.

இருட்டியிருந்தது. பல்லக்கா பெட்டியை அணைத்தார். பிறகு மெழுகுவர்த்தி ஏற்றி, ஒரு அஞ்சலட்டையை எடுத்தார். ஒலிபரப்பு எப்படிக் கேட்டது என்று நிலையத்துக்கு எழுதுவது சிற்றலை நேயர்களின் வழக்கம். உண்மையிலேயே கேட்டோம் என்பதற்குச் சான்றாக, நிகழ்ச்சியில் வந்த ஏதாவது ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இத்தனை காலம் அவர் எழுதியதில்லை. தன் பெயரைப் பார்த்தால் தம்பிக்குச் சங்கடமாகிவிடும் என்று விட்டிருந்தார்.

ஒலி வலிமை: மிக நன்று. இரைச்சல்: இல்லை. நிகழ்ச்சிக் குறிப்பு என்று தலைப்பிட்டார். பிறகு எழுதினார்: “அறிவிப்பாளர், தான் ஒரே பிள்ளை என்று கூறினார். தெளிவாகக் கேட்டது.”

கீழே தன் முழுப்பெயரை எழுதினார்.