பின் சக்கரத்துப் பட்டை

இரண்டு வருஷங்களுக்கு முன்பு, பங்குனி மாதத்தில், ஆம்பூரில் எங்கள் வீட்டு முற்றத்தில் இது தொடங்கியது. நான் வேலூரில் மூன்று வருஷம் நர்ஸ் வேலையும் பிரசவ வேலையும் படித்துத் தேறி, ஆம்பூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. என் அண்ணன் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றுக்காக ஊர் ஊராகப் போய்ப் பச்சைத் தோல் பார்த்து வாங்குகிறவர். அதற்காக முதலாளி ஒரு பழைய மோட்டார் சைக்கிளைக் கொடுத்திருந்தார். வெளியூரிலிருந்து பிரசவக் கேஸ் வந்தால் அண்ணன் என்னைப் பின்னால் உட்கார வைத்து அழைத்துப் போவார். தெருவில் நின்று பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

வண்டியின் இரண்டு டயர்களும் தேய்ந்து நூல் தெரிந்தது. புது டயர்களையும் ட்யூப்களையும் வேலூர் லாங் பஜாரிலிருந்து வாங்கி வந்த அண்ணன், கழற்றி மாட்ட ஊரில் ஆள் இல்லாததால், லீவு நாளில் நாமே செய்துவிடலாம் என்றார். எனக்கும் ஆசைதான். கையில் ஸ்பேனரைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்தது.

ஆஸ்பத்திரிப் பழக்கம் என்னை விடவில்லை. ஒரு பழைய வெள்ளைத் துணியை விரித்தேன். கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையில் அதன் மேல் வைத்து, நோட்டில் எழுதினேன். அச்சு நட்டு இரண்டு, வாஷர் இரண்டு, பிரேக் கம்பியின் திருகு ஒன்று, சங்கிலியின் இணைப்புக் கண்ணி ஒன்று. முன் சக்கரத்துக்குத் தனிப் பக்கம், பின் சக்கரத்துக்குத் தனிப் பக்கம்.

“வண்டிக்கு மயக்க மருந்து குடுத்தாச்சா நர்ஸம்மா?” என்று அண்ணன் கேலி செய்தார்.

“சும்மா பேசாத. அந்த நட்டைத் துணி மேல வை, தரையில வைக்காத.”

சோப்புத் தண்ணீர் தடவி, இரும்புப் பட்டையால் நெம்பி, பழைய டயர்களை எடுப்பதற்குள் இருவருக்கும் கை சிவந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பழைய டயர் வாசலுக்கு வருவதற்கு முன்பே அதற்கு ஆள் வந்துவிடும். செருப்புத் தைக்கிறவர்கள் டயரை அடித்தோலுக்கும் ட்யூபை வாருக்கும் எடுத்துக்கொள்வார்கள். அன்றும் அப்படித்தான். அடுத்த தெருவில் செருப்புத் தைக்கிறவர் வந்து நின்றார். ஒட்டுப் போட்டுப் போட்டு அலுத்த ட்யூப்களையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனார். இடம் சுத்தமானதே என்று எனக்குச் சந்தோஷம்.

மாட்டும்போது அண்ணன் பின் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன் சக்கரத்தின் உள்வட்டத்தில் கறுப்பாக ஒரு ரப்பர் பட்டை சுற்றியிருந்தது. பின் சக்கரத்தில் அது இல்லை. சக்கரக் கம்பிகளின் முனைகள் வெளியே தெரிந்தன.

“இதுல ஒரு பட்டை இருந்திருக்கணுமே?” என்றார்.

நான் நோட்டைப் பார்த்தேன். “கழட்டினது எல்லாத்தையும் எழுதியிருக்கேன். பின் சக்கரத்துல பட்டைன்னு எதுவும் எடுக்கல. முன்னாடி ஒரு மாதிரி, பின்னாடி ஒரு மாதிரி செஞ்சிருப்பாங்க.”

அண்ணன் மறுபடியும் முன் சக்கரத்தைப் பார்த்தார். நோட்டு என் கையில் இருந்தது. “எழுதி வச்சவ சொல்றே, சரியாத்தான் இருக்கும்” என்று டயரை மாட்டினார். எல்லாத் திருகுகளும் தீர்ந்து துணி காலியாக இருந்ததைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் காலை, பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒருவர் சைக்கிளில் மூச்சிரைக்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவருடைய அண்ணிக்கு இரட்டைக் குழந்தை. முதல் குழந்தை விடியற்காலையிலேயே பிறந்துவிட்டது. “இன்னொண்ணு குறுக்க கிடக்குதாம்மா. எங்க ஊரு மருத்துவச்சி கையை விரிச்சுட்டா” என்றார். பெரிய டாக்டரம்மா வேறு ஒரு நோயாளியோடு வேலூர் போயிருந்தார். நான்தான் போக வேண்டும். பைக்குள் இருக்க வேண்டியவற்றை ஒருமுறை எண்ணிவிட்டு அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டோம்.

பன்னிரண்டு மைல் போக வேண்டும். ஏழாவது மைலில் பின் சக்கரம் தரை தட்டியது. முள் என்று நினைத்து அவசரமாகக் கழற்றி, ஒட்டுப் போட்டு, காற்றடித்து மாட்டினோம். டயருக்குள் தடவிப் பார்த்ததில் முள் எதுவும் கையில் படவில்லை. அதை நினைக்கக்கூட நேரமில்லை. ஒரு மைல் போனதும் மறுபடியும் காற்று இறங்கிவிட்டது.

இந்தத் தடவை ட்யூபை நான் வாங்கிப் பார்த்தேன். ஓட்டைகள் தரைப் பக்கம் இல்லை, சக்கரத்தின் பக்கம் இருந்தன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரே இடைவெளி. முள் இப்படி அளந்து குத்தாது. கம்பி முனைகள்தான் குத்தியிருக்கின்றன. பழைய ட்யூப் ஒன்றின் உள்வட்டத்தில் ஏதோ கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்ததும், அதை நான் பெரிய ஒட்டு என்று நினைத்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெயிலில் இளகி ட்யூபோடு ஒட்டியிருந்த பட்டை, அதோடு செருப்புக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறது. என் கையால் கழற்றாததால் என் நோட்டில் அது இல்லை.

அண்ணன் என்னைப் பார்த்தார். குனிந்து ஒட்டுப் போடும் சாமான்களை மறுபடியும் எடுத்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

“நான் நடக்குறேன்” என்று பையை எடுத்தேன்.

எதிரே, தோல் பதனிடுவதற்கான ஆவாரம்பட்டையை ஏற்றிக்கொண்டு ஆம்பூர் ஷாப்புக்குப் போகிற மாட்டு வண்டி ஒன்று வந்து நின்றது. வண்டிக்காரர் மேலிருந்தே, “இன்னாம்மா, சக்கரத்துக்கே பிரசவம் பாக்குறீங்களா?” என்று சிரித்தார்.

“கேலி வேணாம்பா. அங்க ஒரு பொம்பளை உசுருக்குப் போராடிக்கிட்டு இருக்கா” என்று அண்ணன் விஷயத்தைச் சொன்னார்.

அவர் உடனே கீழே குதித்தார். சக்கரத்தின் உட்புறத்தை விரலால் தடவினார். “பேஜாராப் போச்சே. இந்த வெயில்ல நாலு மைல் நடந்து எப்பம்மா போய்ச் சேருவீங்க? கொஞ்சம் இருங்க” என்றார். மாடுகளின் கழுத்திலிருந்த தோல் வார்களைக் கழற்றினார். புது வார்கள். ஒவ்வொன்றிலும் வரிசையாகச் சலங்கைகள். கத்தியால் சலங்கைகளை அறுத்து மடியில் கட்டிக்கொண்டு, வார்களின் ஓரத்தை மெலிசாகச் சீவினார். தோலில் பழகிய கை, பத்தே நிமிஷத்தில் சீவி முடித்துவிட்டது. இரண்டையும் முனை சேர்த்து உள்வட்டத்தில் இறுகச் சுற்றினார். அண்ணன் ட்யூபுக்கு ஒட்டுப் போட்டார்.

“ஜல்தி போங்க. கல்லு மேல ஏத்தாம ஓட்டுங்க” என்றார் வண்டிக்காரர். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

தோல் பட்டை தாங்கியது. ஆனால் வழியில் முழுசாக இரண்டு மணி நேரம் போய்விட்டது.

நான் உள்ளே போனபோது அந்தப் பெண் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தாள். அவள் வயிற்றில் குழலை வைத்துக் கேட்டேன். துடிப்பு இருந்தது. மெதுவாக, விட்டு விட்டு. அந்தச் சத்தத்தை நான் கேட்டேன் என்பதுதான் இன்றுவரை எனக்குள் இருக்கிறது. கையைச் சுத்தம் செய்துகொண்டு, உள்ளே குழந்தையைத் திருப்பி, காலைப் பிடித்து எடுத்தேன். மூச்சு வரவில்லை. அரை மணி நேரம் என்னென்ன படித்தேனோ எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். பிறகு நிறுத்திவிட்டு, தாயைக் கவனித்தேன். இரத்தப்போக்கு நின்றது. அவள் பிழைத்தாள். முதலில் பிறந்த பெண் குழந்தை மூலையில் ஒரு பழைய புடவையில் தூங்கிக்கொண்டிருந்தது.

“நீங்க வரலேன்னா எங்க பொண்ணையும் தூக்கிக் குடுத்திருப்போம்” என்று அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பையை எடுத்து அடுக்கத் தொடங்கினேன்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பட்டை விஷயம் உட்பட. இப்படிக் குறுக்கே கிடக்கும் குழந்தை ஆஸ்பத்திரியிலேயே பிழைக்காமல் போவதுண்டு, இரண்டு மணி நேரத்தால்தான் என்று யாரும் சொல்ல முடியாது என்றார். இல்லை என்றும் யாரும் சொல்ல முடியாது. அந்த வாரம் வேலை முடிந்து வந்தால் சாப்பிடக்கூட எழுந்திருக்க முடியாத அசதி.

எட்டாம் நாள் அவளைப் பார்க்கப் போனேன். பஸ்ஸில்தான் போனேன். அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, நடந்ததை அப்படியே சொன்னேன். நான் மாட்டிய சக்கரம், நான் பார்த்தும் விட்ட பட்டை, நான் வந்தபோது இருந்த துடிப்பு. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் கொஞ்சம் லேசாகும் என்றும் நினைத்திருக்கிறேன் போல.

அவள் குழந்தையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அது பையனாம்மா, பொண்ணா? யாரும் எனக்குச் சொல்ல மாட்டேங்குறாங்க.”

“பையன்” என்றேன். “தலை நிறைய முடி இருந்துச்சு.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அந்த எட்டு நாளில் முதல்முறையாக என்று நினைக்கிறேன், சத்தமாக அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

எட்டு நாளாக நான் என் தவறை மட்டுமே சுமந்து திரிந்தேன். தன் பிள்ளையைப் பற்றி அவளுக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இப்போதெல்லாம் பிள்ளை தங்காமல் போனால், நான் எவ்வளவு களைத்திருந்தாலும், தாய் கேட்கட்டும் என்று காத்திருக்காமல் அது ஆணா பெண்ணா, எப்படி இருந்தது என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டுத்தான் கை கழுவப் போகிறேன்.