சவுக்கில் கட்டிய சமுதாயக் கூடம்

சமுதாயக் கூடத்துக்கு மரத்தில்தான் கூரை என்று, வேலையை மேற்பார்வை பார்க்க வந்த நான் சொன்ன அன்றைக்கு, கல்வராயன் மலையில் அந்த ஊரில் யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. பெண்கள் குழுவின் தலைவி மட்டும் முன்னால் வந்து நின்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மரவள்ளியும் சாமையும் போட்டுப் பிழைக்கிறவர்.

"கீழ இருக்கிறவங்களுக்கு எல்லாம் காங்கிரீட்டு. எங்களுக்கு மட்டும் கட்டையா? கொட்டாய் போட எங்களுக்கே தெரியும்மா. அதுக்கு எதுக்கு நீ?"

அந்தக் கேள்வி எனக்கும் புதிதில்லை. மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில், கூரைக் கொட்டாயில் பிறந்தவள் நான். அம்மாவுக்குச் சவுக்குத் தோப்புகளில் கூலி வேலை. வெட்டிப் போட்ட மரத்துக்குப் பட்டை உரிப்பார். எங்களுக்குத் தொகுப்பு வீடு வந்தபோது, தளம் போட்ட அன்று, அம்மா ஏணியில் ஏறி அந்த ஈரக் காங்கிரீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றது எனக்கு நினைவிருக்கிறது. மரமும் கூரையும் ஏழைக்கு, காங்கிரீட் மனிதருக்கு என்றுதான் நானும் வளர்ந்தேன். டிப்ளமா முடித்துவிட்டு, கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனபின் எழும்பிய கட்டடங்களில் மேற்பார்வை பார்த்ததும் காங்கிரீட் வேலைதான்.

ஆனால் மலையில் கணக்கு வேறாக இருந்தது. அங்கிருந்த பழைய கூடத்தின் தளம் ஒழுகி, கம்பி துருப்பிடித்து, காரை உதிர்ந்துகொண்டிருந்தது. மணலும் ஜல்லியும் கம்பியும் மலைப்பாதையில் அத்தனை வளைவுகள் ஏறி வரவேண்டும். வரைபடம் போட்ட புதுச்சேரிக் கட்டடக் கலைஞர் சவுக்கைச் சொன்னார். எங்கள் ஊர் இருக்கிற திருக்கோவிலூர்ப் பக்கம் விவசாயிகள் சொந்த நிலத்தில் வளர்க்கிற மரம். ஐந்தாறு வருடத்தில் வெட்டலாம்; வெட்டின இடத்தில் மறுபடி நடுவார்கள். காட்டிலிருந்து ஒரு குச்சி எடுக்க வேண்டாம். அதைப் பற்றிப் படித்துப் பார்த்து நான் ஒத்துக்கொண்டேன். மனது மட்டும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. தலைவிக்கும் அது தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

"ஏத்தறதுக்கு முன்னாடி எடை கட்டிக் காட்டறேன்க்கா," என்றேன். "தாங்கலைன்னா, காங்கிரீட்டே வேணும்னு நானே எழுதிக் குடுக்கறேன்."

"எவ்ளோ எடை?"

"ஒரு சட்டத்துக்கு முப்பது மூட்டை மணல்."

"நான்தான் எண்ணுவேன்," என்றார் அவர்.

கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டத்தை நாங்கள் டிரஸ் என்போம். உருண்டைச் சவுக்குகளை போல்ட் போட்டு முடுக்கி, முதல் டிரஸ்ஸை இரண்டு செங்கல் தூண்கள்மேல் தாழ்வாகத் தூக்கி வைத்தோம். நடுவில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க ஒரு நூல் கட்டினேன். ஊரே வந்து நின்றது. ஒவ்வொரு மூட்டையாகத் தொங்கவிட, தலைவி சத்தமாக எண்ணினார்.

பத்தொன்பதாவது மூட்டையில் படாரென்று ஒரு சத்தம். அடிச் சவுக்கு, போல்ட் போட்ட இடத்திலிருந்து நீளவாக்கில் பிளந்து, மூட்டைகள் தரையில் உட்கார்ந்தன. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

குனிந்து பார்த்தேன். துளை மரத்தின் நுனிக்கு மிக அருகில் இருந்தது. பிளந்த இடத்தில் விரலை வைத்தால் ஈரம். வரைபடத்தில் இடைவெளி சரியாகத்தான் போட்டிருந்தது. மரம் காய்ந்ததா, துளை சரியான இடத்தில் விழுந்ததா என்று பார்க்க வேண்டியது என் வேலை. ஒப்புதல் கையெழுத்தும் என்னுடையது. துளை போட்ட தச்சர் பக்கத்தில் நின்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"அவர் மேல தப்பு இல்ல. பச்சை மரத்தை நான்தான் சரின்னு விட்டேன். துளையையும் நான் அளந்து பாக்கல," என்றேன். பையிலிருந்து நோட்டை எடுத்து, காங்கிரீட் கேட்டு எழுதக்கூட ஆரம்பித்தேன்.

தலைவி கிட்டே வந்து பிளவைத் தடவிப் பார்த்தார். "இன்னா எழுதிக்கினு கீற?"

"சொன்ன மாதிரி, காங்கிரீட்டுக்குத்தான்."

"இரு. இங்க எத்தினியோ பேரு வந்து கட்டிட்டுப் போனாங்க. ஒழுகுதுன்னு கேட்டா மழை ஜாஸ்திம்பாங்க. தப்பு என்னுதுன்னு ஒருத்தரும் சொன்னதில்ல." நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். "மரவள்ளிக் கெழங்கையே காயாம மூட்டை கட்னா பூசணம் புடிச்சிக்கும். இது மரம். காயட்டும். மறுபடி கட்டு, நான் எண்ணுறேன்."

அதன் பிறகு அது என் வேலையாக மட்டும் இல்லை. ஊர்க்காரர்கள் ஒரு நீளத் தொட்டி தோண்டித் தார்ப்பாய் விரித்தார்கள். வெங்காரமும், கேரம் போர்டில் தூவுகிற போரிக் பவுடரும் கரைத்து, பூச்சி அரிக்காமல் இருக்க மரங்களை அதில் ஊறப்போட்டோம். பிறகு நிழலில், காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்கினோம். குழுப் பெண்கள் வாரம் ஒருமுறை புரட்டிப் போட்டார்கள். ஒவ்வொரு கட்டைக்கும் பெயிண்டில் எண் எழுதினேன். கொஞ்சம் வெடித்ததையும் தலைவி ஒதுக்கிவிடுவார். அப்படி ஒதுக்கியதில் பாதி வேலிக்குப் போயிற்று.

அம்மா ஒருநாள் போனில் கேட்டார்: "இம்மாம் படிச்சிட்டு சவுக்குக் கட்டையத்தான் பொரட்டிக்கினு கீறியா? அத்த நானே செஞ்சிக்கினுதானே கீறேன்."

"நீ உரிக்கிறதுதாம்மா இங்க வந்து கூடமாவுது," என்றேன். அம்மா நம்பவில்லை. அவர் பார்த்தவரை சவுக்கு பந்தல் காலுக்குப் போகும், சாரத்துக்குப் போகும், பேப்பர் மில்லுக்குப் போகும்.

மழைக்காலம் கழிந்து, இரண்டாவது முறை எடை கட்டினோம். இந்தத் தடவை ஒவ்வொரு துளையையும் நானே அளந்தேன். அகல வாஷர் போட்டோம். பத்தொன்பது வந்தபோது எண்ணுகிற குரல் ஒரு நொடி நின்றது. பிறகு இருபது. முப்பது வரைக்கும் ஒரு சத்தமும் இல்லை.

"இன்னும் அஞ்சு வை," என்றார் தலைவி.

வைத்தோம். நடுவில் இரண்டு விரல் தடிமன் இறங்கியது, அவ்வளவுதான். மறுநாள் காலை வரை அப்படியே இருந்தது. மூட்டைகளை எடுத்ததும் ஏறக்குறைய பழைய இடத்துக்கே ஏறிவிட்டது. தச்சர் மரத்தைத் தட்டிக் கொடுத்தார், மாட்டைத் தட்டுகிற மாதிரி.

எட்டு டிரஸ், இடுப்பளவு செங்கல் சுவர், மேலே ஓடு. திறப்பன்று உள்ளே நுழைந்து நிமிர்ந்து பார்த்தபோது எனக்கே அது நான் எண் போட்ட கட்டைகள் என்று நம்ப முடியவில்லை. தேன் நிறத்தில், வரிசையாக, நடுவில் ஒரு தூண் இல்லாமல் நின்றது கூடம். உள்ளே ஒரு நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குத்தான் மனது முழுதாக ஒத்துக்கொண்டது.

கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி அம்மாவும் வந்திருந்தார். மலைக்கு வருவது அதுதான் முதல் தடவை. தலைவி அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

"நாங்க கட்னதுதான்க்கா," என்றார் தலைவி.

அம்மா நிமிர்ந்து ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார். "மரம் எங்க ஊரு மரம்," என்றார்.

இருவரும் கூரையைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டே போனார்கள். அதில் என்னைப் பற்றிய பேச்சே வரவில்லை. எந்தப் பாராட்டிலும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

இப்போது அங்கே கல்யாணம் நடக்கிறது, தடுப்பூசி முகாம் நடக்கிறது, மழை நாளில் பிள்ளைகள் படிக்கிறார்கள். போன மாதம் பக்கத்து மலையூரிலிருந்து நான்கு பேர் வந்து, தங்களுக்கும் இதே மாதிரி வேண்டும் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் தலைவி அவர்களிடம் கேட்டார்:

"மரம் காய வெக்க நெழலு கீதா உங்க ஊர்ல? அத்த மொதல்ல பாத்துட்டு வாங்க."