நாற்பத்தொன்றாம் அட்டை

முகத்துக்கு நேரே எல்லாரும் "சார்" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் அட்டையார். அது அவருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்வார், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவர் வேலை பார்த்த நிலையம் மூன்று மாடிக் கட்டடம். கீழே அச்சகம், நடுவில் பிரார்த்தனைக் கூடம், மேலே தபால் பிரிவு. மனம் குழம்பிப் போனவர்கள் எங்கெங்கிருந்தோ கடிதம் போடுவார்கள். இதைச் செய்யலாமா, அது பாவமா, இதற்குக் கடவுள் என்ன சொல்கிறார் என்று கேட்பார்கள். வேதத்தைப் பார்த்துப் பதில் எழுதி அனுப்புவது தபால் பிரிவின் வேலை. இருபத்தேழு வருடமாகத் தபால் பிரிவு என்றால் அட்டையார்தான்.

சேர்ந்த புதிதில் ஒவ்வொரு கடிதத்துக்கும் வேதத்தைப் புரட்டிப் புரட்டிக் கண் பூத்துப் போனார். மூன்றாவது வருடம் ஒரு விஷயம் பிடிபட்டது. ஆள் ஆயிரம் பேர் எழுதினாலும் கேள்வி என்னவோ முந்நூறுதான். உடனே உட்கார்ந்து முந்நூறு அட்டைகள் எழுதினார். அட்டையின் தலையில் கேள்வி, நடுவில் வேத வசனம், அடியில் ஐந்து வரியில் பதில். பக்கத்து வீட்டுக்காரர் எடுப்பதற்கு முன்னால் அவருடைய செய்தித்தாளைப் படித்துவிட்டு மடித்து வைப்பது திருட்டா என்பதற்குக்கூட ஓர் அட்டை இருந்தது. திருட்டுதான் என்று அதில் எழுதியிருந்தது.

கடிதத்தைக் கையில் எடுத்தால், கேள்வி வருகிற இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். மூலையில் அட்டையின் எண்ணைப் போடுவார். டைப்பிஸ்ட் பெண் அந்த அட்டையை எடுத்து அடித்துக் கொண்டுவருவாள், இவர் கையெழுத்துப் போடுவார். கோடு போட்ட பிறகு கடிதத்தை மேற்கொண்டு படிக்கக் கூடாது என்பது அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதி. "அதுக்கு மேல வர்றதெல்லாம் அழுகை. அதைப் படிச்சா மனசு இளகிடும். இளகின மனசு வசனத்த வளைக்கப் பார்க்கும்" என்பார். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். எனக்கு அவர் மேல் கோபம் வருவதே இந்த நியாயத்தினால்தான்.

டைப்பிஸ்ட் பெண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"ஏன் சார், இந்தப் பெட்டியப் பூட்டிட்டு நீங்க ஒரு மாசம் லீவுல போனா, எல்லாரும் திருட ஆரம்பிச்சிடுவாங்களா?"

"ஆரம்பிச்சிடுவாங்க. நீதான் முதல்ல. என் பேனா எங்க?"

அவள் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்து வைத்தாள். அட்டையார் சிரிக்கவில்லை. "எடைக்கல் இல்லாம தராச மட்டும் வச்சுக்கிட்டு என்ன பண்ணுவே? ஆளாளுக்கு ஒரு எடை சொல்லுவான். கல்லு மேல இருந்து வரணும்மா. நம்ம கையில செஞ்ச கல்ல யாரு நம்புவா?" என்றார்.

இதை அவர் ஒப்புக்குச் சொல்லவில்லை. கடவுள் சொன்னதால்தான் நல்லது நல்லது, கெட்டது கெட்டது என்று மனதார நம்பினார். இருபத்தேழு வருடத்தில் தன் சொந்தச் சொல் ஒன்றைக்கூட ஒரு பதிலிலும் சேர்த்ததில்லை என்பதை நாலு பேர் கூடிய இடத்தில் அடிக்கடி சொல்லுவார்.

அவருக்கு ஒரே மகள். மருந்துக்கடை வைத்திருந்த ஒருவருக்குக் கட்டிக் கொடுத்து நாலு வருடம் ஆகியிருந்தது. ஒருநாள் காலை அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் மகள் நின்றாள். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் மாவுக்கட்டு. மணிக்கட்டு உடைந்திருந்தது.

"என்னம்மா ஆச்சு" என்றுகூட அவர் கேட்கவில்லை. "உள்ள வாம்மா" என்றார். பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை வந்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, பணிவான பேச்சு.

"கோபத்துல கை நீட்டிட்டேன் மாமா. வீட்டுக்கு வீடு நடக்கறதுதானே. அனுப்பி வைங்க."

"கேட்டுக்கு இந்தப் பக்கம் கால் வச்சீங்கன்னா போலீஸக் கூப்பிடுவேன்."

"என்ன மாமா இது. திரும்பிப் போ, பொறுத்துக்கன்னு நீங்கதானே எல்லாப் பொண்ணுங்களுக்கும் எழுதறீங்க?"

"அது வேற" என்று சொல்லிவிட்டு அட்டையார் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார். எது வேற, எப்படி வேற என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவே இல்லை.

மகள் வந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, வந்த நாற்பத்தைந்து கடிதங்களுக்கு நடுவில் ஒரு பெண்ணின் கடிதம் இருந்தது. கணவன் அடிப்பதால் தாய் வீட்டுக்கு வந்துவிட்டேன், இங்கேயே இருப்பது பாவமா, திரும்பிப் போக வேண்டுமா என்று ஆறாவது வரியில் கேட்டிருந்தாள். அட்டையார் கோடு போட்டார், மூலையில் நாற்பத்தொன்று என்று எழுதினார், அடுத்த கடிதத்தை எடுத்தார். மாவுக்கட்டுப் பிரித்த கையோடு தன் மகள் வீட்டில் இருக்கிறாளே என்று ஒரு நொடிகூட அவருக்குத் தோன்றவில்லை.

ஒன்றரை மாதம் போயிற்று. ஒரு திங்கட்கிழமை பதினோரு மணி சுமாருக்கு ஓர் அம்மாள் படியேறி வந்தார். மருந்துத் தொழிற்சாலையில் பாட்டில் கழுவுகிறவர். வேலை உடுப்போடு வந்திருந்தார், விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கி வெளுத்திருந்தது. டைப்பிஸ்ட் பெண் நாற்காலி போட்டாள். அவர் உட்காராமல் ஒரு தாளை மேஜையில் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துங்களா ஐயா?"

"ஆமாம்மா."

"எம் பொண்ணுக்கு வந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது, அவதான் படிச்சுக் காட்டுனா. மறுநாள் புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போனா. பதினோராம் நாள் பொணமா வந்தா. கழுத்த நெரிச்சிட்டான்."

டைப் அடிக்கும் சத்தம் நின்றுபோயிற்று.

"அவன் ஜெயில்ல இருக்கான். அத போலீஸ் பாத்துக்கும். நான் சண்டைக்கு வரல ஐயா. நான் போகாதேன்னுதான் சொன்னேன். அவள உள்ள வச்சுக் கதவக்கூடப் பூட்டுனேன். கடவுளக் கேட்டு எழுதியிருக்கேம்மா, இருன்னா இருக்கேன், போன்னா போறேன்னு சொன்னா. இது வந்துச்சு. கடவுள எதுத்து நான் என்ன பேசறது? கதவத் திறந்து விட்டுட்டேன்."

அவர் அழவில்லை. அழுது தீர்ந்துபோன குரல் அது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். இது கடவுள் சொன்னதா, நீங்க சொன்னதா? அவர் சொன்னதுன்னா, தடுத்த நான்தான் பாவி, அதுக்குத்தான் பொண்ண எடுத்துக்கிட்டார்னு வாய மூடிக்குவேன். நீங்க சொன்னதுன்னா, நான் பூட்டுனதுதான் சரி. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. படுத்தா கண்ண மூட முடியல."

"கோப்பப் பாத்துட்டுச் சொல்றேம்மா. வெள்ளிக்கிழமை வாங்க" என்றார் அட்டையார். பயந்தவன் சொல்கிற பதில் அது என்று அவருக்கே தெரிந்தது.

அந்த அம்மாள் இறங்கிப் போனதும் கோப்பை எடுத்தார். கடிதம் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் ஆறாவது வரியின் கீழே அவருடைய சிவப்புக் கோடு. அதற்கு அப்பால் அவர் கண் போனதே இல்லை. இரண்டாவது பக்கத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் படித்தார்.

"அம்மா போகக் கூடாது என்கிறார்கள். போன வாரம் அவர் என் கழுத்தில் கை வைத்து, அடுத்த தடவை விட மாட்டேன் என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை. இதையும் யோசித்துப் பதில் போடுங்கள்."

அட்டையார் எழுந்து பெட்டியைத் திறந்தார். நாற்பத்தொன்றை எடுத்தார். மனைவி கணவனோடு இருக்க வேண்டும், பொறுமையே அவள் அணி என்று வசனம். வேதத்தைப் புரட்டினார், வசனம் இருந்தது. ஒரு எழுத்துப் பிசகவில்லை. பிறகு கை தானாக எண்பத்தெட்டைத் தேடியது. அடைக்கலம் தேடி வந்தவரைத் திருப்பி அனுப்பாதே என்று அதில் வசனம். அதுவும் வேதத்தில் இருந்தது. அதிலும் பிசகில்லை. ஊர் விட்டு ஊர் வந்தவர்கள், அகதிகள் விஷயமாகக் கேட்பவர்களுக்கு அவர் எண்பத்தெட்டைப் போடுவது வழக்கம். அடி வாங்கி ஓடி வந்த பெண்ணுக்கு எண்பத்தெட்டு இல்லை, நாற்பத்தொன்றுதான் என்று யார் பிரித்தது? வேதம் பிரிக்கவில்லை. மூன்றாவது வருடத்தில் ஒரு மழைக்காலத்தில் உட்கார்ந்து இவர்தான் பிரித்தார், அட்டை இரண்டிலும் இவர் கையெழுத்து. எடைக்கல் மேலேயிருந்தே வந்ததாக இருக்கட்டும். எந்தக் கல்லை எடுத்து யாருடைய தட்டில் வைப்பது என்று முடிவு செய்தது இந்தக் கை.

விஷயம் நிலையத் தலைவர் காதுக்கு எட்டியது. தலைவர் மெதுவாகப் பேசுகிறவர், யாரையும் கடிந்துகொள்ளத் தெரியாதவர். அட்டையாரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தார்.

"வேதத்துல இருக்கறத எடுத்துச் சொன்னோம். அத ஏன் உங்க தலையில தூக்கிப் போட்டுக்கிறீங்க? அந்தம்மாவுக்கும் அதுதான் ஆறுதல். எல்லாம் கடவுள் சித்தம்னு மனசத் தேத்திக்குவாங்க."

"தடுத்தது பாவம்னு நெனச்சுக்குவாங்களே சார்."

"நீங்க சொன்னதுன்னு ஒத்துக்கிட்டீங்கன்னா, நாளைக்கு ஒவ்வொருத்தரா லெட்டரத் தூக்கிக்கிட்டு வருவாங்க. இருபத்தேழு வருஷ லெட்டர். யோசிச்சுப் பாருங்க."

அட்டையார் யோசித்துப் பார்த்தார். நாற்பத்தொன்று இதுவரை எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும் என்று டைப்பிஸ்ட் பெண்ணைக் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அந்த வீடுகளிலிருந்து மறுபடி கடிதம் வராததை, எல்லாம் சரியாகிவிட்டது என்பதற்கு அடையாளமாக இத்தனை நாள் எடுத்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி கேட்டுக் கேட்டுத் துளைத்ததும், கடைசியில் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மகள் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். உடைந்த மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருந்தது, தண்ணீர்ச் செம்பைத் தூக்க இன்னும் இடது கைதான்.

"அப்பா, அன்னிக்கு என்னை உள்ள கூப்பிட்டீங்களே. எந்த வசனத்தப் பாத்துக் கூப்பிட்டீங்க?"

"எதையும் பாக்கலம்மா."

"அந்த மனசக் குடுத்தது யாரு? அதுவும் கடவுள்தான்" என்றார் மனைவி. புருஷனைத் தாங்கிப் பிடிக்கத்தான் சொன்னார், பாவம்.

அட்டையாரும் ஒரு நிமிடம் அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். ஆனால் அது அவரை இன்னும் ஆழத்தில் தள்ளியது. தனக்குள் இருந்து உள்ள வாம்மா என்று சொன்னது கடவுள் என்றால், மகளை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய அந்த அம்மாளுக்குள் இருந்ததும் அதே கடவுள்தானே? அப்படியென்றால் கடவுளின் பெயரைப் போட்டுக் கடவுளின் வாயை அடைத்தது யார்? கடவுள் இல்லை, வெறும் மனசுதான் என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு மாறவில்லை. எந்தப் பக்கம் சுற்றினாலும் அந்தச் சிவப்புக் கோட்டில்தான் வந்து நின்றது.

மகள் விடவில்லை. "நான் நேர்ல வராம, பேர் போடாம, உங்க நிலையத்துக்கு ஒரு லெட்டர் போட்டிருந்தா?"

"சாப்பிடற நேரத்துல என்னடி பேச்சு இது" என்று அம்மா அதட்டினார். அட்டையார் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்து போய்க் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார். பதில் மூன்று பேருக்குமே தெரியும்.

வெள்ளிக்கிழமை அதே பதினோரு மணிக்கு அந்த அம்மாள் வந்தார். தலைவர் முன்கூட்டியே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். டைப்பிஸ்ட் பெண் மெஷினுக்கு முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அட்டையார் எழுந்து நின்றார். இருபத்தேழு வருடத்தில் கேள்வி கேட்டவர் ஒருவரை அவர் நேருக்கு நேர் பார்த்துப் பதில் சொல்லப்போவது இதுதான் முதல் தடவை.

"நான் சொன்னதும்மா" என்றார். "புத்தகத்துல போன்னும் இருக்கு, வந்தவள அனுப்பாதேன்னும் இருக்கு. உங்க பொண்ணுக்கு எதைச் சொல்றதுன்னு முடிவு பண்ணுனது நான். அவ எழுதுனத முழுசாப் படிக்கக்கூட இல்ல."

தலைவர் தொண்டையைச் செருமினார். அட்டையார் திரும்பிப் பார்க்கவில்லை.

"என் பொண்ணும் இப்படித்தான் வந்தா. நான் உள்ள வச்சுக் கேட்டப் பூட்டுனேன். நீங்க பண்ணுனதத்தான் நானும் பண்ணுனேன். உங்க மேல ஒரு பாவமும் இல்ல."

அந்த அம்மாள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு கேட்டார்.

"அப்ப கடவுள் என்னதான் சொல்றாரு ஐயா?"

தலைவர் வாயைத் திறந்தார். அதற்குள் அட்டையார் சொல்லிவிட்டார்.

"எனக்குத் தெரியலம்மா."

அந்த அம்மாள் அவரையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அட்டையாருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"இதை அன்னிக்கே எழுதியிருக்கலாமே. தெரியலன்னு ஒரு வார்த்தை போட்டு அனுப்பியிருந்தீங்கன்னா, எம் பொண்ணு எம் பேச்சக் கேட்டு வீட்டுலயே இருந்திருப்பா."