வாசலை மறைத்த செடிகள்

மூங்கில்துறைப்பட்டிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போகும் சாலையோரம் எங்கள் ஓட்டு வீடு. வாசற்படிக்கும் சாலைக்கும் நடுவே ஒரு கட்டில் போடும் அளவுக்கு மண் தரை கிடந்தது. கல்யாணமான மறுவருஷம் ஆடியில் நல்ல மழை. அந்த இடத்தில் பூச்செடி வைக்க எனக்கு ஆசை வந்தது.

என் கணவர் கரும்பு வெட்டும் கூலிக்காரர். "அரளி வையி. ஆடு கடிக்காது. தண்ணி கம்மியா ஊத்தினாலும் நிக்கும்" என்றார்.

அப்போது நான் முழுகாமல் இருந்தேன். "கொழந்த தவழப்போற வூட்ல அரளியா? ஒரு எலய வாயில வெச்சா என்னாகும்?" என்றேன்.

அவர் மறுத்துப் பேசவில்லை. நான் மல்லி, ரோஜா, கனகாம்பரம் என்று அடுக்கிக்கொண்டே போனதற்குத்தான் சிரித்தார். "இத்தினியூண்டு எடத்துல அத்தினியும் வெச்சா ஒண்ணும் உருப்படாது." கடைசியில் ஜன்னலோரம் நந்தியாவட்டை, படியருகே இட்லிப்பூ, மூலையில் அடுக்குச் செம்பருத்தி என்று முடிவானது. கொம்புகளை எங்கிருந்தோ கேட்டு வாங்கி வந்து அவரே நட்டார்.

தை மாதம் மகள் பிறந்தாள். அடுத்த ஆடிக்குள் செடிகள் இடுப்பளவு வந்துவிட்டன. ஒருநாள் காலை அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து, செம்பருத்தியில் பாதியைக் கழித்துத் தள்ளினார்.

"மொட்டோட வெட்றீங்களே, மனசு வருதா?"

"குறுக்க போற கெளைய வுட்டா உள்ள வெளிச்சம் போவாது. அப்புறம் உச்சியில மட்டுந்தான் பூக்கும். ஒரு மாசம் பொறு."

அவர் சொன்னபடியே கணுவுக்குக் கணு துளிர்த்தது. ஆனால் அது பூப்பதற்குள் புரட்டாசி வந்துவிட்டது. எங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் தொடங்கியது. மரங்களை வெட்டிச் சாலையில் போட்டுப் போக்குவரத்தை நிறுத்துவதென்று பேச்சு. வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டுமென்று தெருவில் சொல்லிப் போனார்கள்.

"நீங்க போவாதீங்க" என்றேன்.

"தம்பி படிச்சிட்டு சும்மா சுத்திக்கினு கீறான். நம்ம புள்ளைக்காவது ஒரு வழி பொறக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கோடாலியோடு போனார்.

சாலையோரப் பெரிய புளியமரம் சாயும்போது எல்லாரும் ஒரு பக்கம் ஓடியிருக்கிறார்கள். கிளையொன்று வேறு மரத்தில் சிக்கித் திரும்பி அவர் வலது காலின் மேல் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பும் சதையும் ஒன்றாகிவிட்டன.

பஸ் இல்லை, லாரி இல்லை. கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பின்னால் போனேன். கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாக மரங்கள் சாலையில் குறுக்கே கிடந்தன. ஒவ்வொன்றிலும் கட்டிலைத் தலைக்கு மேல் தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள். கட்டில் சாயும்போதெல்லாம் அவர் கத்தினார். பிறகு கத்துவதையும் நிறுத்திவிட்டார். வழியில் போலீஸ் வருவதாகச் சொல்லித் தூக்கியவர்களில் பாதிப் பேர் கரும்புக் கொல்லைக்குள் ஓடினார்கள். மிச்சமிருந்தவர்கள் அவரை இறக்கி வைத்துவிட்டு ஆள் வரக் காத்திருந்தார்கள்.

மறுநாள் மதியம்தான் கள்ளக்குறிச்சியில் டாக்டரைப் பார்த்தோம். துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "கால எடுத்தாதாம்மா ஆளு பொழைப்பாரு" என்றார்.

அவர் பிழைத்தார். நான் கரும்பு வெட்டப் போனேன். இரண்டு வருஷத்தில் ஒதுக்கீடும் வந்தது. அதற்குள் அவருடைய தம்பி மனம் விட்டுப்போய், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தான்.

செடிகளை யாரும் தொடவில்லை. ஒருமுறை நான் கத்தியை எடுத்தேன். உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "அதத் தொடாத!"

"காடா கெடக்குதுங்க."

"கெடக்கட்டும். அதையும் நொண்டியாக்கணுமா?"

கத்தியை வைத்துவிட்டேன். நந்தியாவட்டை ஜன்னலை அடைத்தது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி வெள்ளையாக அப்பிக்கொண்டது. பகலிலும் வீட்டுக்குள் இருட்டு. செடியின் மேலுள்ள பாசத்தால்தான் அவர் தடுக்கிறார் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். சாலையில் ஆள் பேச்சுக் கேட்டால் அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொள்வதை ஒருநாள் கவனித்தேன். தன்னை யாரும் பார்க்கக்கூடாது என்பதற்காகத்தான் அவருக்கு அந்த இலைகள் வேண்டியிருந்தன.

ஒரு காலை, படியில் விளையாடிக்கொண்டிருந்த மகளின் கைக்கருகே இட்லிப்பூத் தூரிலிருந்து கட்டுவிரியன் நகர்ந்தது. அவளை இழுத்து உள்ளே போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து அதை அடித்தார். பாம்பைத் தூக்கிக்கொண்டு அவர் போனதும் கத்தியை எடுத்தேன். இந்த முறை உள்ளேயிருந்து குரல் வரவில்லை. பூச்சி பிடித்த செம்பருத்தியைத் தரையோடு வெட்டினேன். இட்லிப்பூவை முழங்கால் உயரத்தில் விட்டேன். நந்தியாவட்டையில் கை வைக்கும்போது கொஞ்சம் நின்றேன். பிறகு அதையும் கழித்தேன். கையெல்லாம் பால் ஒட்டிப் பிசுபிசுத்தது.

வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில்வரை விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் சாலையில் இரண்டு பேர் போனார்கள். அன்று கட்டில் தூக்கியவர்கள். ஜன்னலுக்குள் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

"கட்டில பின்னால போட்டுடு" என்றார் அவர்.

"அங்க ஒரே பொகையா இருக்குமே."

"இருந்துட்டு போவுது."

அடுப்படிக்குப் பக்கத்தில், ஜன்னலில்லாத சுவரோரம் கட்டிலை இழுத்துப் போட்டேன். அந்த வருஷம் நந்தியாவட்டை அடிமுதல் நுனிவரை வெள்ளையாகப் பூத்தது. மகள் கை நிறையப் பறித்துக்கொண்டு போய் அவர் போர்வையின் மேல் கொட்டினாள். அவர் அந்தப் பூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கட்டிலுக்குக் கீழே போட்டார்.