முற்றத்தில் எழுதிய படகு இலக்கம்

திருகோணமலையில் நில அளவை அலுவலகமொன்றில் படம் வரைபவளாக இருந்தேன். விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து வயல், வாய்க்கால், கூரை என்று பிரித்துக் கோடு போடுவதுதான் வேலை. சண்டைக் காலத்தில் படமெடுக்கும் விமானங்கள் நின்றுபோயின. வந்த விமானங்கள் வேறு காரியத்துக்கு வந்தன. சும்மா இருந்த எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. வானத்திலிருந்து படமெடுக்கும் அமெரிக்காக்காரனின் வேவுச் செய்மதி எப்படி இருக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

களவாகப் பார்த்தது எதுவுமில்லை. எல்லாம் பொது நூலகத்துப் பழைய ஆங்கில இதழ்கள். செய்மதியைக் கொண்டுபோகும் ராக்கெட்டின் மூக்கு எவ்வளவு அகலம் என்று அவர்களே பெருமையாகப் படம் போட்டிருந்தார்கள். செய்மதிக்குள் படம் பிடிக்கும் கண்ணாடி அதைவிட அகலமாக இருக்க முடியாது. நட்சத்திரம் பார்க்க அவர்கள் அனுப்பிய தொலைநோக்கியின் கண்ணாடியும் அந்த மூக்குக்குள் அடங்குகிற அளவுதான். செய்மதி எவ்வளவு உயரத்தில் போகிறது என்பதைப் பொழுதுபோக்காக வானம் பார்ப்பவர்கள் எழுதியிருந்தார்கள். மிச்சம் பள்ளிக்கூடக் கணக்கு. தரையில் நாலு விரல் அகலப் பொருள்வரை தெரியும் என்று விடை வந்தது. நிழல் சாய்ந்திருந்தால்தான் மேடு பள்ளம் விளங்கும் என்பதால் எங்கள் விமானங்கள் முற்பகலில் படமெடுக்கும். செய்மதியும் முற்பகலில்தான் வரும் என்று நினைத்தேன். இதழில் இருந்த பாதையும் அதற்கு ஒத்துவந்தது.

"வீட்டில மண்ணெண்ணெய் முடிஞ்சது தெரியாது. ஆகாயத்தில என்ன போகுதெண்டு தெரியும்," என்று என் கணவர் வேலியருகே நின்று பகிடி விட்டார். அது பின்வீட்டுப் பெண்ணின் காதில் விழுந்தது.

அவள் இறக்கக்கண்டிக் கடற்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள். ஒரு முற்பகலில் வலை இழுத்துக்கொண்டிருந்த அவளுடைய கணவன் படகோடு காணாமல் போனான். நேவி முகாமில் கேட்டால் அப்படியொரு படகே இல்லை என்றார்கள். பக்கத்தில் தொழில் செய்தவர்கள் தாங்கள் ஒன்றும் காணவில்லை என்றார்கள். பயத்தில் சொல்கிறார்கள் என்று அவளுக்கும் தெரியும்.

"அக்கா, ஆகாயத்தில போறது படகைக் காணுமோ?"

"ஓம். ஆள் இருக்கிறதும் தெரியும். முகம்தான் தெரியாது."

"அண்டைக்கு முகிலே இல்லை. இந்தப் பக்கம் வந்திருக்குமோ?"

வந்திருக்கலாம், ஆனால் சொன்ன இடத்தைத்தான் படமெடுக்கும், எடுத்தாலும் எங்களுக்குக் காட்டமாட்டார்கள் என்று விளங்கப்படுத்தினேன். அவள் பாதியிலேயே கேட்பதை விட்டுவிட்டாள்.

"அப்ப ஆராவது ஒருத்தர் பாத்திருப்பினம்," என்று அழுதாள். எனக்குத் தாங்கமுடியவில்லை.

மறுநாள் காலை அவளுடைய முற்றத்தில் சுண்ணாம்பால் படகின் இலக்கம் எழுதியிருந்தது. விமானம் வருமுன்னர் எங்கள் அலுவலகத்து ஆட்கள் பாறைகளில் வெள்ளைக் குறி போடுவார்கள். படத்தில் இடத்தை அடையாளம் காண்பதற்காக. இறக்கக்கண்டியில் அதை அவள் பார்த்திருக்கிறாள்.

"உமக்கென்ன விசரே? நேவிக்காரர் கண்டால் என்ன சொல்லுவீர்?"

"எந்தப் படகெண்டு அவையளுக்குத் தெரிய வேண்டாமோ அக்கா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் இலக்கத்தைப் பார்த்தால் கோடுகள் நாலு விரல் தடிப்புக்கூட இல்லை. இவ்வளவு மெல்லிய குறி படத்தில் மண்ணோடு மண்ணாகிவிடும். தொழில் பழக்கம் என்னைச் சும்மா விடவில்லை. "கொண்டாரும் சுண்ணாம்பு பூசிற அந்தத் தும்புக்கட்டையை," என்று வாங்கி, இலக்கம் முழுவதையும் தடிப்பாக நானே பூசினேன். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் நேராகப் பூசினேன்.

வீடு வீடாகத் தேடும் சுற்றிவளைப்பு வந்தபோது நேவிக்காரர் அந்த முற்றத்துக்குத்தான் முதலில் வந்தார்கள். நான் வேலிக்கு இந்தப்பக்கம் நின்றேன். தமிழ் தெரிந்த ஒருவன் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டான்.

"இது என்ன?"

"படகு இலக்கம்."

"படகு எங்க?"

"அதைத்தான் ஐயா நானும் கேக்கிறன்."

அவள் சொன்னதை அவன் மற்றவர்களுக்குச் சிங்களத்தில் சொல்லவில்லை. இலக்கத்தை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றி வெளியே போனான்.