வாடைக்குச் சாட்சி

இப்போது ஊதிப் பார்க்க ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள். நான் லாரி ஓட்டிய காலத்தில் ஏட்டையாவின் மூக்குதான் மெஷின். எவ்வளவு என்று அது சொல்லாது. குடிச்சிருக்கான் என்று மட்டும் சொல்லும்.

மழை பெய்து கரிசல் களியாகக் கிடந்த ஒரு காலை. பசுவந்தனையில் உர மூட்டைகளை இறக்கிவிட்டுக் கோவில்பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே வந்த மாட்டுவண்டிக்கு ஒதுங்கப் போய், சக்கரம் ரோட்டோரச் சேற்றில் வழுக்கி, லாரியின் பின்பக்கம் திரும்பி வண்டியில் இடித்தது. ஒரு காளைக்குக் கால் ஒடிந்துவிட்டது. கூட்டம் கூடியது. என்னைப் பிடித்து இறக்கியவர் முகத்தைச் சுளித்தார்.

"ஏலே, இவன் வாயில வாடை அடிக்குதுலே."

வாடை அடித்தது உண்மைதான். கடைவாய்ப் பல் நாலைந்து நாளாக உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. பசுவந்தனையில்தான் அக்கா வீடு. அவள் பஞ்சைச் சாராயத்தில் நனைத்துப் பல்லில் வைத்துவிட்டாள். அத்தான் ஒளித்து வைத்திருந்த சாராயம். மதுவிலக்கு இருந்த காலம். தெரிந்தால் இருவருக்கும் ஜெயில். பஞ்சை வழியிலேயே துப்பிவிட்டேன். வாடையைத் துப்ப முடியவில்லை. பனைமரத்துக்குக் கீழே நின்று பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் சொல்வார்கள்; நான் பால்கூடக் குடிக்கவில்லை.

ஸ்டேஷனில் ஏட்டையா, "ஊதுலே" என்றார். ஊதினேன்.

"பல்வலிங்கய்யா, அதுக்கு மருந்து வச்சேன்."

"பல்லுதான் குடிச்சுச்சோ? அப்ப அதை உள்ள போடுதேன். நீ வெளிய நில்லு."

பெரியாஸ்பத்திரி டாக்டரும் மோந்து பார்த்து, சாராய வாடை உண்டு என்று எழுதிக் கொடுத்தார். ரத்தம் எடுக்கவில்லை. நடக்கச் சொல்லியும் பார்க்கவில்லை.

"லைசென்சு போச்சுன்னா எங்கிட்ட வராதய்யா" என்று முதலாளி அன்றைக்கே சொல்லிவிட்டார். எனக்கு நிலமும் இல்லை, வேறு தொழிலும் தெரியாது. வீட்டில் சின்னப் பொம்பளைப் பிள்ளைகள்.

வக்கீல் சொன்னார்: "வாடை வேற, போதை வேற. அதை டாக்டர் வாயாலயே வாங்கிருவேன். ஆனா வாடை எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. பஞ்சு வச்ச ஆளு கூண்டுல ஏறிச் சொல்லணும்."

"சொன்னா அவளைப் பிடிச்சிருவாங்களே, அண்ணாச்சி."

"பிடிக்கத்தான் செய்வாங்க" என்றார், கேஸ் கட்டைப் பிரித்துக்கொண்டே.

அக்காவிடம் சொல்லக் கூடாது என்றிருந்தேன். எப்படியோ அவள் காதுக்குப் போய்விட்டது. "வெல்லம் தின்னவன் ஒருத்தன், விரல் சூப்புனவன் ஒருத்தனா? நான் வந்து சொல்லுதேன்" என்று, அத்தானுக்குத் தெரியாமல் கைக்குழந்தையோடு கோர்ட்டுக்கே வந்துவிட்டாள்.

டாக்டரை வக்கீல் கேட்டார்: "இந்த வாடையை வைத்து இவர் நிதானமில்லாமல் ஓட்டினார் என்று சொல்ல முடியுமா?"

"முடியாது. வாடை இருந்தது. எவ்வளவு உள்ளே போனது என்று மூக்குக்குத் தெரியாது."

எனக்கு உயிர் வந்தது. அப்போது மாஜிஸ்திரேட் நிமிர்ந்து, "அந்த வாடை எப்படி வந்தது? உங்கள் தரப்பில் சாட்சி உண்டா?" என்றார்.

வக்கீல் என்னைப் பார்த்தார். வாசலில் அக்கா பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு உள்ளே வரத் தயாராக நின்றாள். அந்தப் பிள்ளை அவள் தாலிக்கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தது.

"சாட்சி யாரும் இல்லைங்கய்யா" என்றேன்.

வாடைக்கு விளக்கம் இல்லை, காளைக்குக் கால் இல்லை. அபராதம் போட்டார்கள். லைசென்சும் ரத்தாயிற்று.

வெளியே வந்ததும் அக்கா என் சட்டையைப் பிடித்தாள். "நான் அங்கனதானே நின்னேன்லே. செத்தா போயிட்டேன்?"

"ஒனக்குப் பிள்ள இருக்குல்லா."

"ஒனக்கு இல்லையோ? அதுக இனி என்னத்தத் திங்கும்?"

அவள் அழுதுகொண்டே பசுவந்தனை பஸ்ஸில் ஏறினாள். நான் அங்கிருந்தே தீப்பெட்டி ஆபீசுக்கு நடந்தேன், ஏதாவது வேலை உண்டா என்று கேட்க. பொம்பளைப் பிள்ளைகளைத்தான் எடுக்கிறோம், வீட்டில் இருந்தால் அனுப்புங்கள் என்றார்கள்.